ஓட்டம் மட்டும் போதுமா?

கேள்வி: அமெரிக்கப் பள்ளி ஃபுட்பால் அணிகள் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவதையே நம்புகின்றனவே, எறிந்தும் ஆட வேண்டாமா?

பதில்: ஓட்டத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள். கலிஃபோர்னியாவின் டி லா சால் பள்ளி, 'வீர்' என்ற ஓட்ட உத்தியை வைத்தே 1992 முதல் 2004 வரை தொடர்ந்து 151 ஆட்டங்களில் வென்றது. அதை வீழ்த்திய வாஷிங்டன் மாநில பெல்வியூ பள்ளியும் ஓடியே வீழ்த்தியது! நன்றாக எறியும் பையன் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

ஆனால் ஓடத்தான் போகிறான் என்று தெரிந்தால் எதிரணி எட்டுப் பேரை முன்னால் நிறுத்திவிடும். ஏழு புள்ளி பின்தங்கி, இரண்டே நிமிடம் மிச்சமிருந்து, 80 கஜம் போக வேண்டியிருந்தால்? எறியத் தெரியாத பிள்ளைகள் பாவம், தவித்துப்போவார்கள். ஓட்டம் இருக்கட்டும், ஓடுவதுபோல் போக்குக் காட்டி எறியவும் நாலைந்து வழி கற்றுக்கொடுங்கள், பயிற்சியாளர்களே!