புளிசோற்றுக் கேரவன்

தமிழில் கேரவன் என்றால் ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே நடிகர்கள் ஏறி உட்காரும் ஏ.சி. வண்டி. வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து ஊர் சுற்றும் வெளிநாட்டு வழக்கத்துக்கும் அதே பெயர்தான். கேரள அரசு 2021இல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்த இனம் சற்று மெலிந்த உருவத்தில் காணப்படுகிறது: 12 இருக்கை வேன், மேலே கேரியர், கேரியரில் தார்ப்பாய், கடைசி சீட்டின் அடியில் ஓர் அண்டா. படுக்கை கிடையாது. கழிப்பறை அடுத்த பெட்ரோல் பங்கில்.

இதன் மூதாதை கூண்டு வண்டி. ஓசூர் சந்திரசூடேசுவரர் தேருக்குச் சுற்றுப்பட்டு கிராமத்தார் பானை சட்டியோடு வண்டி கட்டி வந்து, மரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, பெண்டு பிள்ளைகள் வண்டிக்குள்ளும் ஆண்கள் வண்டிக்கடியிலும் உறங்கினார்கள். எரிபொருள் வைக்கோல். அது எந்த மாநிலத்தில் மலிவு என்று யாரும் விசாரித்ததில்லை.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பின்னாலேயே லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் இந்த மண்ணில் விளையத் தொடங்கின. வண்டி செய்து நாட்டுக்கெல்லாம் அனுப்பும் ஊர், தான் ஊர் சுற்ற வேண்டுமென்றால் வாடகைக்குத்தான் எடுக்கிறது.

திட்டத்தில் முதலாவது ஆள் சேர்ப்பது. பன்னிரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு விழுவது கிரகணம் போல. முன்கூட்டியே கணிக்கலாம், அடிக்கடி வராது. ஒருவர் ஏ ஷிப்ட், ஒருவர் சி ஷிப்ட், ஒருவருக்கு வார விடுப்பு புதன்கிழமை, இன்னொருவர் ஓ.டி. கிடைக்கும் என்று தெரிந்ததும் வாக்கு மாறுபவர். ஆகவே ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களே வழக்கம். பணத்துக்கு டூர் சீட்டு: மாதம் ஆளுக்கு 300 ரூபாய். பொருளாளர் பெரும்பாலும் ஸ்டோர்ஸ் பிரிவுக்காரராக இருப்பார். போல்ட் எண்ணிப் பழகிய கை, பத்து ரூபாயைத் தவறவிடாது.

வேன் வாடகை இரண்டு வகை. ஒன்று கிலோமீட்டர் கணக்கு: ஷெட்டில் கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும்வரை ஓடிய தூரம், நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு குறைந்தபட்சம், அதன் மேல் டிரைவர் பேட்டா. மற்றொன்று நாள் வாடகை, டீசல் நம்முடையது. சிக்கனத்தில் நாட்டமுள்ள குழு இரண்டாவதையே பிடிக்கும். காரணம் அத்திப்பள்ளி.

கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அந்த ஊரில் பல ஆண்டுகளாக டீசல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. மிச்சம் 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 50 லிட்டருக்கு 150. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி போய்வர ஏறக்குறைய 16 கிலோமீட்டர். லிட்டருக்குப் பத்து ஓடும் வண்டி அதற்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கும். அதன் விலையும் ஏறக்குறைய 150. சுங்கச்சாவடியைத் தாண்ட நேர்ந்தால் அதற்கு வேறு. அகில இந்திய பர்மிட் இல்லாத மஞ்சள் போர்டு வண்டியானால் கர்நாடக வரியும் சேரும். போகிற இடம் ஒகேனக்கல். அது நேர் எதிர்த்திசை. இத்தனையும் காகிதத்தில் எழுதிக் காட்டிய பிறகும் வண்டி முதலில் அத்திப்பள்ளிக்குத்தான் போகும். லாபம் என்பது பணம் மட்டுமல்ல போலும்.

சமையல் ஏற்பாட்டில்தான் இந்த ஊரின் தொழில்நுட்பம் முழுதாக வெளிப்படுகிறது. 2002இல் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கிய மோட்டார் தொழிற்சாலை இருக்கும் ஊர் இது. அண்டாவுக்குள் குக்கர், குக்கருக்குள் டம்ளர், டம்ளருக்குள் கடுகுப் பொட்டலம் என்று இம்மி இடம் வீணாகாமல் அடுக்கப்படும். அடுப்புக்குக் காற்று மறைப்பு, பழைய தகட்டை வளைத்து ஓரத்தை அராவியது. கைவேலை அவ்வளவு சுத்தம். கிளம்பிப் பத்துக் கிலோமீட்டர் போனதும் கடுகு தேவைப்படும். அப்போது மொத்தத்தையும் கீழே இறக்கியாக வேண்டும்.

உணவில் முதலிடம் புளிசோற்றுக்கு. முதல் நாள் இரவே நல்லெண்ணெயில் காய்ச்சிய புளிக்காய்ச்சலைக் கிளறி வைத்தால் மறுநாள் ராத்திரி வரை கெடாது. பொடி தடவிய இட்லி ஒரு பகல் தாங்கும். பாலூற்றிப் பிசைந்த தயிர்சோறு மதியம் வரை. ஆற்றங்கரையில் ராகிக் களி கிண்டலாம் என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் சொல்வார். களிக்கு ஆள் இருவர் வேண்டும்: ஒருவர் பானையைக் காலால் அணைத்துப் பிடிக்க, ஒருவர் துடுப்பைச் சுழற்ற. யோசனை சொன்னவர் அந்த நேரத்தில் இரண்டு வேலைக்கும் கிடைக்கமாட்டார். கட்டி கட்டியாக வந்த களியைக் குழம்பில் ஊறவைத்து விழுங்குவது மரபு.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். ஓடும் வண்டியில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றுகொண்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், திருட்டுத்தனமாக ஏற்றிவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். சிலிண்டர் இறங்கிய பிறகு, வண்டிக்கு எட்டத்தில் அடுப்பு.

வழி விஷயத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கெலவரப்பள்ளி அணை பக்கத்திலேயே இருக்கிறது; பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் கலந்து வந்து வெள்ளை வெளேரென்று நுரைக்கும் நாட்களில், சோப்பு கொண்டுபோகத் தேவையில்லை என்று உள்ளூர்க்காரர்கள் கசப்போடு சொல்வதுண்டு. கிருஷ்ணகிரி அணை, காமராஜர் முதல்வராக இருந்தபோது கட்டியது, அரைநாளுக்குப் போதும். முழுப் பயணம் என்றால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல்தான். இந்த வழி காடு. நடுவில் தார்ப்பாய் கட்டித் தங்க அனுமதி இல்லை. தங்க நினைப்பவருக்கு யானை பதில் சொல்லும்.

குளிர்காலத்தில் ராகி முற்றும் சமயம் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் வருகின்றன. குடும்பத்தோடு மாநில எல்லை தாண்டி, வழியிலேயே சாப்பிட்டு, வாடகையில்லாமல் மாதக்கணக்கில் தங்கிப் போகும் கலையில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. பர்மிட் கேட்பாரும் இல்லை. ராகி விதைத்தவர் இரவெல்லாம் பரணில் விழித்திருக்கிறார்; அவருக்கு இது வேடிக்கை அல்ல.

ஒகேனக்கல்லில் புளிசோறு தோற்கும். வழி நெடுக மீன் விற்பார்கள். வாங்கி நீட்டினால் மசாலா தடவி விறகடுப்பில் வறுத்துத் தர அங்கேயே பெண்கள் இருக்கிறார்கள். மீனுக்கு ஒரு விலை, எண்ணெய்க்கும் கைக்கும் ஒரு கூலி. வாசனை வந்த பின் பட்ஜெட்டைப் பற்றிப் பேசுபவர் பொருளாளர் ஒருவரே; அவரும் வாய் நிறைய மீனோடுதான் பேசுவார்.

பரிசல் கிடைப்பது ஓசூர்க்காரர் கையில் இல்லை. கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்தால் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் வரத்தை அளப்பார்கள். கன அடி ஏறினால் தருமபுரி ஆட்சியர் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடுவார். ஆறு மாதச் சீட்டு, பன்னிரண்டு பேர் லீவு எல்லாம் அத்தோடு சரி. அன்று எண்ணெய் தேய்த்து மசாஜ் மட்டும் செய்துகொண்டு, குளிக்க வழியில்லாமல் எண்ணெயோடு வேனுக்குத் திரும்பிய குழுக்களும் உண்டு. சீட் உறையைத் துவைக்க வேன்காரர் தனியாகக் காசு கேட்பார்.

இரவுத் தங்கலில் சொல்ல அதிகமில்லை. புஷ்பேக் சீட் பின்னால் சாய்ந்தால் பின்னிருப்பவரின் முட்டியில் போய் நிற்கும். குறட்டைக்காரரை முன்சீட்டில் போடுவது நல்லது. ஆனால் அங்கே டிரைவர் தூங்கியாக வேண்டும், அவர் தூங்காவிட்டால் காலையில் மலைப்பாதையைக் கடக்க முடியாது. குறட்டைக்காரருக்குத் தார்ப்பாய்.

ஊர் திரும்பியதும் கணக்கு. மிச்சம் 84 ரூபாய் என்றால் ஆளுக்கு 7 ரூபாய் ஜிபேயில் வந்து சேரும். பொருளாளர் டீ வாங்கித் தந்து தீர்த்துக்கொள்ள ஒப்பமாட்டார். அடுத்த சீட்டு சம்பளம் ஏறிய மறுநாளே தொடங்கும். சேர விரும்புகிறவர் முதல் மாதம் 300 ரூபாயோடு வரலாம். களி யோசனை வேண்டாம்.