தளி வட்டாரத்தில் ‘வா’ என்னும் வினையின் நிகழ்காலம்: ஓர் ஆய்வு

பின்லாந்து மொழியில் எதிர்காலத்துக்கென்று தனி வினைவடிவம் கிடையாது. ‘துல்லா’ என்றால் வருதல். துலென், துலெத், துலே, துலெம்மெ, துலெத்தெ, துலெவத் என்று நிகழ்காலத்தில் ஆறு வடிவம். நாளைக்கு வருகிறவனும் ‘துலென்’ என்றே சொல்லலாம். இந்தச் சிக்கனத்தைக் கண்டு வியப்பவர்கள் தளிப் பக்கம் வந்ததில்லை என்று கருத இடமுண்டு.

தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் ஊர் இது. கன்னடத்தின் ‘பர்த்தீனி’யும் தெலுங்கின் ‘வஸ்தானு’வும் வழக்கமாக வருவதற்கும் இனிமேல் வருவதற்கும் பொது. தமிழ் மட்டும் ‘வருவேன்’ என்று ஒன்றைத் தனியே வைத்திருக்கிறது, கல்யாணப் பத்திரிகை வாங்கும்போது சொல்வதற்கு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆள் மோட்டார் மெக்கானிக். ரோஜாத் தோட்டத்தில் போர் மோட்டார் நின்றுபோய்ப் போன் வருகிறது. ‘வர்றேண்ணா’ என்றால் பொழுது சாய்வதற்குள் என்று பொருள். ‘வந்துட்டே இருக்கேண்ணா’ என்றால் கையில் டீ டம்ளர், அதிலும் பாதி மிச்சம். ‘இதோ வந்துட்டேண்ணா’ என்றால் வீட்டில் சட்டை தேடிக்கொண்டிருக்கிறார். வினைமுற்றில் உறுதி ஏற ஏறத் தூரமும் ஏறுகிறது.

இதற்குத் தொல்காப்பியம் அன்றைக்கே இடம் கொடுத்துவிட்டது. நடக்கப்போவதையும் நடப்பதையும் விரைவு கருதி நடந்ததாகவே சொல்லலாம் என்கிறது வினையியல். அதற்குச் சேனாவரையர் காட்டும் ஆள், இன்னும் சாப்பிடவே இல்லை. சாப்பிட்டுக் கிளம்பியும் விட்டதாகச் சொல்கிறான். அவனிடம் செல்போன் இல்லாதது ஒன்றே குறை.

மெக்கானிக் ஒருவழியாக வந்து, மோட்டாரைக் கழற்றி, காயில் போயிடுச்சு என்று அறிவித்துவிட்டு வண்டியை உதைக்கிறார். அப்போதும் ‘வர்றேண்ணா’. போகிறவர் ‘வர்றேன்’ என்பதில் மூன்று மொழிக்கும் வழக்கு இல்லை. கன்னடக்காரர் வீட்டில் ‘பர்த்தீனி’, தெலுங்குக்காரர் வீட்டில் ‘வஸ்தானு’.

படர்க்கையில் பஸ் வருது, கரண்ட் வருது ஆகியவை மேற்படி விதிக்கே அடங்கும். அடங்காதது ஒன்றுதான். ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இறங்குகின்றன. ‘ஆனை வருது’ என்று ஒருவர் கத்தினால் அது கலப்படமில்லாத நிகழ்காலம். எப்போது, எத்தனை மணிக்கு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

அந்த ராத்திரிகளில் போன் போட்டால் மெக்கானிக் ‘வரலேண்ணா’ என்கிறார். சொன்னபடியே வருவதும் இல்லை.