தூசி படாத இரண்டாவது சைக்கிள்

ஐயா, ஞாயிறு அதிகாலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தாண்டிப் போய்வரத் தங்களிடம் முன்பே ஒரு நல்ல சைக்கிள் இருந்தது. நினைத்த மாத்திரத்தில் எடுத்துக்கொண்டு காய்கறிக் கடைக்கோ, கடற்கரைக்கோ, நண்பர் வீட்டுக்கோ போய்வர இன்னொன்று வேண்டும் என்றீர்கள். அடையாறு முழுதும் ஊருக்குள் சுற்றும் சைக்கிள்கள் கிடைக்க, தாங்கள் முதலாவதைவிட மெல்லிய கார்பன் சைக்கிளைத் தேடிப் பிடித்தீர்கள். அந்தத் தேர்வைப் போற்றாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அதன் எடை. பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் விதி. தங்களுடையது அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒரு கையால் தூக்கிவிடலாம். அது தூக்குவதும் தங்களை மட்டும்தான். பின்னால் கேரியர் கிடையாது, மாட்டுவதற்குத் திருகு துளையும் கிடையாது. அரைக் கிலோ தக்காளியோ ஒரு கட்டு அரைக்கீரையோ இன்றுவரை அதன் பெருமைக்குக் குறை வைத்ததில்லை. கீரை ஸ்கூட்டரில் வருகிறது, தெருக்கோடியிலிருந்து, பெட்ரோல் செலவில்.

கியர்கள் 24. பிரான்சில் பந்தய வீரர்கள் ஏறுகிற கலிபியே கணவாய் 2,642 மீட்டர் உயரம்; அதற்குத் தோதான இயந்திரம் இது. சென்னை சராசரியாகக் கடல்மட்டத்துக்கு 7 மீட்டர் மேலே இருந்தால் அதிகம். தாங்கள் மந்தைவெளிக்குப் போனால் வழியில் வரும் பெரிய ஏற்றம் திரு.வி.க. பாலம். கலிபியேவை ஏறத் தெரிந்தது அந்தப் பாலத்தையும் ஏறிவிடும். தாங்கள் அந்த வழியாக அதை ஓட்டிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

டயரின் தன்மானத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 25 மில்லிமீட்டர் அகலம், உள்ளே கடும் அழுத்தம், மெலிந்த பிரெஸ்டா வால்வு. தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரின் பம்பு அதற்குச் சேராது. எனவே அது யாரிடமும் காற்று கேட்டுப் போய் நிற்பதில்லை. மெல்லிய டியூபில் அவ்வளவு அழுத்தம் நெடுநாள் நிற்காது. காற்று இறங்கிய நாள்களில் அது வீட்டிலேயே இருந்து தன் கௌரவத்தைக் காத்துக்கொள்கிறது.

தங்கள் மனவடக்கத்துக்கும் அதுதான் துணை. மாலையில் கடல்காற்று வரத் தொடங்கியதும் எலியட்ஸ் கடற்கரை வரை ஒரு சுற்று போகலாம் என்று யாருக்கும் தோன்றும். மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தங்கள் பெடலோ அதற்கென்று தைத்த காலணியைத்தான் ஏற்கும். காலணி, அதற்கேற்ற கால்சட்டை, அழுத்தம் பார்க்கும் பம்பு, சார்ஜ் ஏற்ற வேண்டிய விளக்கு என்று ஒவ்வொன்றாகத் தேடி முடிப்பதற்குள் இருட்டிவிடும், ஆசையும் அடங்கிவிடும்.

அப்படியும் அடங்காத ஆசையோடு கிளம்பினால், அது தங்களை எங்கும் நிற்கவிடாது. ஸ்டாண்டு இல்லை. சாய்த்து வைக்கச் சுவர் கிடைத்தாலும் லட்ச ரூபாய்ப் பொருளை நூலக வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக யாருக்கு மனம் வரும்? ஆகவே தபால் நிலையத்தையும் டீக்கடையையும் நண்பர் வீட்டையும் தாங்கள் அழகாகக் கடந்து போகிறீர்கள். ஊருக்குள் இவ்வளவு வேகமாக எதற்கும் நிற்காமல் போய்த் திரும்புகிறவர் வேறொருவர் இல்லை.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவன் காட்டிய படைக்கலங்களைப் பார்த்துச் சொன்னது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. அவன் ஆயுதங்கள் பீலி சூடி, நெய் பூசி, காவலுள்ள மனையில் பத்திரமாக இருந்தன. அதியமானுடையவை நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. தங்கள் சைக்கிளும் கூடத்துச் சுவரில், உறை போட்டு, செயினில் பொட்டு அழுக்கில்லாமல் தொங்குகிறது. தங்கள் அடுக்ககத்துக் காவலாளியின் ஹெர்குலிஸ் அப்படி இல்லை. பின்சக்கரத்தில் கோட்டம் எடுக்க அதைக் கடையில் விட்டிருக்கிறார்.

ஹெர்குலிஸ் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் தயாரிப்பு, நம் அம்பத்தூர் நிறுவனம். கறுப்பு, பெருத்த எடை, ஒரே கியர். முழுச் செயின் கவர் இருப்பதால் வேட்டியில் கிரீஸ் படாது. மட்கார்டு இருப்பதால் மழைத் தண்ணீர் முதுகில் அடிக்காது. கேரியரில் தண்ணீர்க் கேனும் வரும், பேரப்பிள்ளையும் வருவான். எந்தக் கடையின் பம்பும் அதற்குக் காற்றடிக்கும். ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டு அவர் பாட்டுக்குக் கடைக்குள் போய்விடுகிறார், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதைப் புகழ இதுவரை ஒருவரும் வந்ததில்லை. கடையிலிருந்து திரும்பிய அன்றைக்கே அது மறுபடி தெருவுக்குப் போய்விடும்.

இரண்டாவது சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் கியரை எண்ண வேண்டாம். ஸ்டாண்டைப் போட்டு நிறுத்திப் பாருங்கள். போட்டிருக்கும் செருப்போடு, கட்டியிருக்கும் வேட்டியோ புடவையோ அதனோடு, ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். கேரியரும் மட்கார்டும் இல்லாவிட்டால் வேறு சைக்கிளைக் காட்டச் சொல்லுங்கள். வாங்கி வந்ததும் கூடத்தில் வைக்காதீர்கள், வாசலில் நிறுத்துங்கள்.