உறையாத இரத்தம்

கேள்வி: கோடை வந்தால் வானிலைச் செய்தியில் எங்கள் ஊர்ப் பெயர் தவறாமல் வருகிறது. மலைப்படியில் கால் வைக்க முடியவில்லை. அண்டார்டிகா மீன்கள் மட்டும் எப்படி உறையாமல் நீந்துகின்றன?
— ஒரு வாசகி, திருத்தணி

பதில்: உங்களுக்குப் படியில் சாக்கு விரிக்க ஆள் வேண்டும், அந்த மீனுக்கு இரத்தத்திலேயே காவல் இருக்கிறது! நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையம் 2012 முதல் இயங்கும் அண்டார்டிகாக் கரையை ஒட்டிய கடலில் நீர் மைனஸ் 1.9 டிகிரி வரை இறங்கும். சாதாரண மீனின் இரத்தம் மைனஸ் 0.8-க்கு முன்பின்னாகவே உறைந்துவிடும். 1960-களில் உயிரியலாளர் ஆர்தர் டிவ்ரீஸ் அண்டார்டிகா மீன் உறையாத சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார்: சர்க்கரை கோத்த ஒரு புரதம். உடலில் புகுந்த பனித்துகளை அது உருக்குவதில்லை. சரிவில் நிற்கும் லாரிச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுப்பதுபோல் துகளின் மேல் ஒட்டிக்கொண்டு, வளரவிடாமல் நிறுத்திவிடுகிறது. இதில் பெரிய அதிசயம், அந்தப் புரதத்தின் மரபணு பிறந்த இடம்தான். சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் டிரிப்சினின் மரபணுவிலிருந்து அது உருவானது என்று 1997-இல் தெரிந்தது. வயிற்றுவேலைக்கு வந்தது உயிரையே காக்கிறது!

அங்குள்ள பனிமீனுக்கு ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினே கிடையாது. இரத்தத்தில் சிவப்பே இல்லை. குளிர்நீரில் ஆக்சிஜன் தாராளமாகக் கரைவதால், பெரிய இதயத்தை வைத்துச் சமாளிக்கிறது. கடல் சூடேறினால் அந்த ஆக்சிஜன் குறையும். திருத்தணி வெயிலைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை.