ஊத்துக்கோட்டை பயோடேட்டா: மூலபாட ஆராய்ச்சியில் ஒரு முன்னோட்டம்

பழந்தமிழ்ச் சுவடிகளுக்குக் கிடைத்த கவனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட, ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஜெராக்ஸ் கடைக் கணினிகளில் உறங்கும் பயோடேட்டாக்களுக்கு இதுவரை கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்கு முன் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. கடைக்காரரிடம், "அண்ணே, பழைய ஃபைல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் போதும்.

ஆய்வுக்களம் பற்றிச் சில சொற்கள். ஊத்துக்கோட்டை எல்லை ஊர். கொஞ்சம் நடந்தால் சுருட்டப்பள்ளி, அது ஆந்திரா. கிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். சத்தியவேடு வழியாகப் போனால் ஸ்ரீசிட்டி. அங்கே இசுசு, கோபெல்கோ, டைக்கின், யூனிசார்ம் என்று ஒரு குட்டி ஜப்பானே இருக்கிறது. ஆகவே டிப்ளமோ முடித்த ஊத்துக்கோட்டைப் பிள்ளைக்கு, வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதி தெலுங்கு, விண்ணப்பத்தில் ஆங்கிலம், நேர்முகத்தில் எதிரே ஜப்பானியர் என்பதே நடைமுறை.

இனி மூலபாடம். ஆதிப்பிரதியை இயற்றியவர் பெயர் தெரியவில்லை. ஆனால் "ஹாபீஸ்: பிளேயிங் கிரிக்கெட், லிசனிங் டு மியூசிக்" என்னும் அடி, பார்வைக்கு வந்த எல்லாப் பிரதிகளிலும் பிசகாமல் நிற்கிறது. மட்டையைக் கையால் தொட்டறியாத பிள்ளைக்கும் இதே அடிதான். பாடபேதம் என்று பார்த்தால் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், செல்போன் எண் ஆகிய ஐந்திடங்களில் மட்டும். இடைச்செருகலும் உண்டு. ஒரு பிரதியில் முந்தைய வாடிக்கையாளரின் அப்பா பெயர் அப்படியே தங்கிவிட, பிள்ளை ஒரு மாதம் வேறொருவர் மகனாக வேலை தேடியிருக்கிறான். நூலின் இறுதியில், மேற்கண்ட விவரங்கள் யாவும் நான் அறிந்தவரை உண்மை என்று ஓர் உறுதிமொழி வருகிறது. இது மேலை நாட்டுப் பிரதிகளில் பொதுவாகக் காணப்படாதது. அங்கெல்லாம் பொய் சொல்லலாம் என்று பொருளில்லை; சத்தியம் செய்து கொடுக்கும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். அச்செடுத்த தாளின் நான்கு மூலையிலும் அம்மா மஞ்சள் தடவுவதும், பெரியபாளையத்து அம்மன் காலடியில் வைத்து எடுப்பதும் பிற்சேர்க்கை எனலாம்.

இவ்வளவையும் வைத்து இக்கட்டுரை முன்வைக்கும் கருதுகோள் இதுதான்: ஊத்துக்கோட்டையில் வேலைக்கு விண்ணப்பிப்பது ஓர் ஆள் அல்ல, ஒரு குடும்பம். தந்தை பெயர், தந்தை தொழில், தாய் பெயர், உடன்பிறந்தோர், மதம், மணமானவரா ஆகாதவரா எல்லாம் வந்து, அதன்பிறகே லேத்தும் வெல்டிங்கும் வருகின்றன.

மேலை நாட்டார் இதற்கு நேர் எதிர். முதல் பயோடேட்டா என்று பலரும் காட்டுவது, ஏறத்தாழ 1482இல் லியோனார்டோ டா வின்சி மிலன் நகரத்து லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதிய மடல். பாலம் கட்டுவேன், கோட்டையைத் தகர்ப்பேன், பீரங்கி செய்வேன் என்று வரிசையாக எண் போட்டு அடுக்கிவிட்டு, கடைசியில், படமும் வரைவேன் என்கிறார். அப்பா பெயர் இல்லை. ஹாபீஸ் இல்லை. நம் ஜெராக்ஸ் கடைக்காரர் அதைப் பார்த்திருந்தால், "தம்பி, அட்ரஸ் எங்கே?" என்றுதான் கேட்டிருப்பார். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகு நிலைமை இன்னும் முற்றி, போட்டோ ஒட்டி வந்த விண்ணப்பத்தைக் கண்டாலே கம்பெனிக்காரர்கள் பதறுகிறார்கள். முகத்தைப் பார்த்துத் தள்ளிவிட்டார்கள் என்று வழக்கு வருமாம். நம் பிள்ளையோ ஸ்டூடியோவில் காசு கொடுத்து, இரவல் கோட் ஒன்றைக் கணினியிலேயே மாட்டிக்கொண்டு, நீலப் பின்னணியில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கிறான்.

கிழக்கே போகப் போகக் குடும்ப வாசனை கூடுகிறது என்பது ஆய்வாளருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஜப்பானிய விண்ணப்பத்தில் 4 செ.மீ.க்கு 3 செ.மீ. போட்டோ உண்டு. வெகுகாலம் கையெழுத்திலேயே எழுதினார்கள். ஓர் எழுத்து தப்பினால் ஒயிட்னர் வைக்காமல் முழுத்தாளையும் மறுபடி எழுத வேண்டும் என்பது மரபு. சார்ந்திருப்போர் எத்தனை பேர், கணவன் மனைவி உண்டா, வீட்டிலிருந்து வேலைக்கு வர எவ்வளவு நேரம் என்பதற்கெல்லாம் கட்டங்கள் இருந்தன. 2021இல் அந்நாட்டுத் தொழிலாளர் நல அமைச்சகம் வெளியிட்ட மாதிரிப் படிவத்தில் இவற்றை எடுத்துவிட்டார்கள். தென்கொரியாவில் பெற்றோர் என்ன வேலை, சொந்த ஊர் எது, சொத்து எவ்வளவு என்று கேட்பதற்கு 2019 ஜூலை முதல் சட்டப்படியே தடை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத்தானே தடை போடுவார்கள்? ஆக அங்கும் நேற்றுவரை குடும்பம்தான் விண்ணப்பித்திருக்கிறது.

இந்தக் கருதுகோளுக்கு வலுவான சான்று இணையப் படிவத்தின் குடும்பப்பெயர்க் கட்டம். அதன் தலையில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் நகர முடியாது. நம் பிள்ளையிடம் இருப்பது ஓர் இனிஷியல். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அந்த வழியில் வந்த தமிழ்நாட்டில் பெயரின் வால் காலியாகவே கிடக்கிறது. இந்த வரலாறு கணினிக்குத் தெரியாது. ஒற்றை எழுத்தைப் போட்டால், குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்கிறது. வேறு வழியின்றிப் பிள்ளை அப்பாவின் பெயரைப் போடுகிறான்.

விளைவு வேலை கிடைத்தபின் தெரிகிறது. ஜப்பானிய மேலாளர் யாரையும் குடும்பப்பெயர் சொல்லி, "சான்" சேர்த்து மரியாதையாகத்தான் கூப்பிடுவார். எனவே காலை ஷிப்டில், "கோவிந்தசாமி சான்!" என்று குரல் வருகிறது. கோவிந்தசாமி அப்போது ஊத்துக்கோட்டையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் மனைவிகூட வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. அதற்கு மகன் குனிந்து வணங்கி, "எஸ் சார்" என்கிறான். அந்த வணக்கத்திலும் அளவு உண்டு: ஜப்பானியப் பயிற்சி வகுப்புகளில் 15, 30, 45 டிகிரி என்று மூன்று சாய்வுகள் சொல்லித்தருவார்கள். பெரியவர்கள் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து பழகிய பிள்ளைக்கு 45 டிகிரியில் நிறுத்துவதுதான் கஷ்டம்.

விண்ணப்பம் போட்டபின் காத்திருக்கும் கலையை ஊத்துக்கோட்டைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சென்னைக்கு வரும் கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழைவது இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்தபோது 1983இல் ஒப்பந்தம் போட்டார்கள். தண்ணீர் முதன்முதலில் எட்டிப்பார்த்தது 1996இல். பதின்மூன்று ஆண்டு பொறுத்த ஊருக்கு, இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் நினைவூட்டி மடல் எழுதலாம் என்னும் மேலை நாட்டு விதி அவசரப்புத்தியாகவே படும். பிள்ளை மட்டும் தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தோடு எச்.ஆருக்கு வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் அனுப்பி வைக்கிறான். இதுவும் நினைவூட்டல்தான், வாசனையோடு.

நேர்முகம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பிள்ளை மூச்சுவிடாமல் ஆரம்பிக்கிறான்: மை ஃபாதர் ஈஸ் எ ஃபார்மர், மை மதர் ஈஸ் எ ஹவுஸ்வைஃப், ஐ ஹேவ் ஒன் சிஸ்டர். மென்திறன் வகுப்பெடுப்போர் இதைப் பெருங்குற்றம் என்கிறார்கள், இக்கட்டுரை ஒப்பவில்லை. கேள்வி புரியாமல் சொன்ன பதில் அன்று அது. கண்ணைப் பார்த்துப் பேசு என்கிறார்கள். பெரியவரை முறைத்துப் பார்க்கிறான் என்று வீட்டில் அடிவாங்கிய கண் அது. எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு என்றால், "நீங்க பாத்துக் குடுங்க சார்." அமெரிக்கர் இதைக் கேட்டுக் குழம்பலாம். பக்கத்து ஊர் மளிகைக்கடைக்காரர் குழம்பமாட்டார்.

கடைசியாக, எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்பார்கள். நிறுவனத்தின் தொலைநோக்கு பற்றிக் கேட்க வேண்டும் என்பது பாடம். பிள்ளை சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். பஸ் ஊத்துக்கோட்டைக்கு வருமா, இல்லை சத்தியவேட்டிலேயே நின்றுவிடுமா என்பது அவனுடையது. பி.எஃப். பிடிப்பார்களா என்பது அப்பாவுடையது. நைட் ஷிப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, கேன்டீனில் சோறு போடுவார்களா, மீனைப் பச்சையாகத் தருவார்கள் என்று சொல்கிறார்களே, உண்மையா என்பவை அம்மாவுடையவை. எச்.ஆர். அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் ஜப்பானியர் வெகுநேரம் சிரித்துவிட்டு, சாம்பார் என்றார்.