ஆவி சார்

ஆவி சார் என்பது ஒருவருடைய பெயரல்ல, பதவி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒருவர், திருப்பாப்புலியூரில் ஒருவர், முதுநகரில் ஒருவர், சிதம்பரத்தில் வீதிக்கு ஒருவராக நால்வர் என்று எப்போதும் ஆள் நிரப்பப்பட்டே இருக்கும். அரசாங்கக் கோப்புகளைப் புரட்டி ஓய்வு பெற்றவராக இருப்பது விரும்பத்தக்கது. சட்டைப் பையில் சிவப்புப் பேனா கட்டாயம். எல்லாவற்றையும்விட முக்கியமான தகுதி ஒன்று உண்டு: ஆயுளில் ஒரு ஆவியைக்கூட அவர் கண்ணால் பார்த்திருக்கக் கூடாது.

பார்த்தவர்கள் வேறு ரகம். அவர்கள் சொல்லும்போது குரல் நடுங்கும். ஆவி சார் சொல்லும்போது பக்க எண் வரும். கெடிலக்கரையில் முனி அறைந்தது என்று மாடு மேய்ப்பவர் சொன்னால், "இந்தக் காலத்துலயுமா இப்படி?" என்று முகம் சுளிப்பார். அதே முனி இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மாளிகை மாடிப்படியில் இறங்கி வந்ததாக அச்சில் வந்திருந்தால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். பாட்டி சொன்னால் பேய். பல்கலைக்கழகம் சொன்னால் ஆய்வு.

இதில் சொந்த ஊர்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் உண்டு. தேவனாம்பட்டினத்தில் கடலோரமாக ஒரு புனித டேவிட் கோட்டை இருக்கிறது. ஆங்கிலேயர் 1690இல் வாங்கியது. 1758இல் பிரெஞ்சுக்காரர் பிடித்து இடித்தது. இத்தனை பேர் செத்த இடம். "அவங்க நாட்டுல ஒரு கோட்டைக்கு ஒரு ஆவியாவது ரெக்கார்டு ஆகியிருக்கு. நமக்கு ஒண்ணு கூட இல்ல தம்பி. வந்து எழுதிக்க ஆள் இல்லாம போச்சு" என்பார். ஆவிக்குப் பஞ்சமில்லை, ஆசிரியருக்குத்தான் பஞ்சம் என்பது அவர் கட்சி.

வருஷத்துக்கு ஒரு முறை அவர் நெய்வேலிக்குப் போவார். என்.எல்.சி. நடத்தும் புத்தகக் கண்காட்சிதான் அவருக்குத் தேர்த்திருவிழா. சமையல் குறிப்பையும் பங்குச்சந்தையையும் தாண்டி, 'தன்னம்பிக்கை' என்று எழுதிய பலகைக்கும் 'ஜோதிடம்' என்று எழுதிய பலகைக்கும் நடுவில் ஒரு மூலை உண்டு. அங்கே போய் நிற்பார்.

"தம்பி, மூடி இருக்கா?"

"பாத்திரக் கடை வெளியில சார்."

மூடி என்பவர் ரேமண்ட் மூடி, அமெரிக்கர். செத்துப் பிழைத்ததாகச் சொன்னவர்களின் அனுபவங்களைத் தொகுத்து 1975இல் ஒரு புத்தகம் போட்டு உலகத்தையே இருட்டுச் சுரங்கத்துக்குள் நடக்கவிட்டு வெளிச்சத்தைக் காட்டியவர். இதையெல்லாம் கடைப் பையனுக்கு விளக்கிவிட்டு, அடுத்து பிரையன் வைஸ் கேட்பார். அவர் மயாமி மனநல மருத்துவர். அறிதுயிலில் ஆழ்த்திய நோயாளி ஒருவர் முன்பிறவிகளைச் சொன்னதாக 1988இல் எழுதியவர். பிறகு மறுபிறவியை ஆராய்ந்த இயன் ஸ்டீவன்ஸன். கடைசியில் பத்து சதவீதம் தள்ளுபடி போக இன்னும் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி, இம்மைக்கு உரிய ஒரு வாக்குவாதம் நடக்கும்.

வாங்கியதைப் படித்து முடித்தால் பஸ் ஏறிவிடுவார். கடலூரிலிருந்து சிதம்பரம் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். பக்கத்து சீட்டில் உட்காருபவருக்கு அது முழுப் பாடத்திட்டம்.

முதுநகரில் மீன்கூடை ஏறும். பக்கத்து சீட்டுக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்துவார். பயந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு சார் ஆரம்பிப்பார். 1882, லண்டன். கேம்பிரிட்ஜ் தத்துவப் பேராசிரியர் ஹென்ரி சிட்ஜ்விக் தலைமையில் அமானுஷ்யங்களை ஆராய ஒரு சங்கம் அமைத்தார்கள். பூசாரிகள் இல்லை, பேராசிரியர்கள்! நான்கு வருஷத்தில் 702 நிகழ்வுகளைச் சேகரித்து இரண்டு பெரிய வால்யூம் போட்டார்கள். ஆலப்பாக்கம் வருவதற்குள் அதில் மூன்று நான்கு நிகழ்வுகள் வந்துவிடும்; தூர தேசத்தில் அண்ணன் செத்த அதே வினாடி தங்கை வீட்டில் அவன் உருவம் தெரிந்தது என்கிற ரகம். புதுச்சத்திரத்தில் ஜே.பி. ரைன் ஏறிக்கொள்வார். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம், ஐந்து சின்னங்கள், இருபத்தைந்து சீட்டுகள், 1934இல் புத்தகம். பி.முட்லூரில் ஸ்டீவன்ஸன். மறுபிறவிக் குழந்தைகள்.

"இருபது கேஸ் போட்டிருக்கார் தம்பி. ஏழு இந்தியா, மூணு சிலோன். அந்த ஏழுல ஒண்ணு எங்க தெரியுமா? பாண்டிச்சேரி! இங்கிருந்து எவ்ளோ தூரம்?"

பாண்டிச்சேரி என்றதும் பக்கத்து சீட்டுக்காரர் முதல்முறையாக நிமிர்ந்து பார்ப்பார். வேறு காரணமாகவும் இருக்கலாம்.

இந்த 'இருக்கலாம்' என்ற சொல் ஆவி சாருக்கு ஆகவே ஆகாது. அவர் படித்த ஆசிரியர்களோ அதை வைத்துத்தான் பிழைத்தார்கள். ஸ்டீவன்ஸன் 1966இல் புத்தகத்துக்குப் பெயர் வைத்தபோது மறுபிறவியைச் சுட்டுவதாகத் தோன்றும் வழக்குகள் என்கிற அளவில்தான் வைத்தார். நிரூபிக்கும் வழக்குகள் என்று வைக்கவில்லை. மூடியும் மரணத்துக்குப் பின் வாழ்வு உண்டென்று நிரூபிக்கத் தான் வரவில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். ஆய்வறிக்கையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு 'இருக்கலாம்' காவல் நிற்கும். அது விற்பனைக்குரிய புத்தகமாகும்போது காவல் முன்னுரையோடு நின்றுவிடும். பின்னட்டைக்கு வரும்போது ஆச்சரியக்குறி சேரும். வாரப் பத்திரிகைத் துணுக்கில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் மிஞ்சும். மஞ்சக்குப்பம் மைதானத்து டீக்கடை பெஞ்சுக்கு வந்து சேரும்போது, "அதெல்லாம் எப்பவோ புரூவ் பண்ணிட்டான் தம்பி!"

பண்ணியவன் யார், எப்போது என்று கேட்டால் சார் தடுமாற மாட்டார். வருஷம் சொல்வார். அதுதான் அவர் பலம். வருஷம் சரியாக இருந்தால் விஷயமும் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் நம்மில் அதிகம்.

சிதம்பரத்தில் அவர் போய் இறங்குவது கீழ வீதிக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில். நண்பர் ஓய்வு பெற்ற ஆசிரியர், கறுப்புச் சட்டைக்காரர். சாருக்கு அவர் வேண்டும்; ஒத்துக்கொள்கிறவர்களிடம் ஆதாரம் காட்டி என்ன பிரயோஜனம்? இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும் தட்டில் விழும்வரை இருவரும் பொறுத்திருப்பார்கள்.

"தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளை ஒத்துக்குவீங்கல்ல?" என்று சார் தூண்டில் போடுவார்.

"அவர் இல்லன்னா இன்னைக்கு நாம மணிப்பிரவாளம் பேசிட்டு இருப்போம்."

"அவரே எழுதியிருக்கார். 1911ல மரணத்தின்பின் மனிதர் நிலை. 1922ல யோக நித்திரை. 1927ல மனித வசியம். 1935ல தொலைவில் உணர்தல். லண்டன்காரன் டெலிபதின்னு சொன்னதை அச்சு அசல் தமிழ்ல கொடுத்தவர் அவர்தான். என்ன சொல்றீங்க?"

நண்பர் கொத்சுவில் கவனமாக இருப்பதுபோலக் காட்டிக்கொள்வார். சார் சொல்வதும் உண்மைதான். தமிழில் இந்தச் சரக்கை நெய்வேலி ஸ்டாலுக்கு வெகுகாலம் முன்பே இறக்கிவைத்தவர் அடிகள். ஆங்கில நூல்களை வரவழைத்துப் படித்து, திருக்குறள் படிக்கிற அதே வாசகன் கையில் மனவசியத்தையும் கொடுத்தார். அந்த வரிசையில் தான் ஐந்தாவதோ ஆறாவதோ தலைமுறை என்ற நினைப்பு சாருக்கு உண்டு. அடிகள் எழுதினார், தான் பேசுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான் என்பார்.

நண்பரும் சும்மா விடுவதில்லை. இலங்கையில் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூரை எடுப்பார். அமானுஷ்ய சக்தியை மோசடிக்கு இடமில்லாத சோதனையில் காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தவர். 1978இல் அவர் சாகும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் வாங்கவில்லை.

"ஆவிக்கு எதுக்குங்க பணம்?" என்பார் சார்.

உடனே நண்பர் அடையாறுக்குத் தாவுவார். அதே லண்டன் சங்கம் 1884 கடைசியில் ரிச்சர்டு ஹாட்ஜ்சன் என்பவரைச் சென்னைக்கு அனுப்பியது. பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையாருக்கு மகாத்மாக்கள் கடிதம் போடுவதாகச் சொன்னதை விசாரித்து, எல்லாம் ஏமாற்று என்று 1885இல் அறிக்கை வந்தது. நண்பர் வெற்றியோடு டம்ளரைக் கீழே வைப்பார். சார் தன் துணிப்பைக்குள் கையை விடுவார். 1986இல் அதே சங்கத்தின் ஏட்டிலேயே வெர்னன் ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர் ஹாட்ஜ்சன் அறிக்கையைக் கிழித்துத் தோரணம் கட்டினார் என்பதற்கான தாள் வெளியே வரும். ஆட்டம் சமன். நண்பரின் மனைவி, "அண்ணா, இன்னும் ரெண்டு போடட்டுமா?" என்பார். போடச் சொல்வார்.

திரும்பும் வழியில் சில நாள் வடலூர் பக்கம் சுற்றிக்கொண்டு போவார். மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவரை மறுபடி யாரும் பார்க்கவில்லை. கும்பிட வருகிறவர்களுக்கு இது போதும். சாருக்குப் போதாது. 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி தொகுத்த தென்னாற்காடு கெசட்டியரிலும் இது பதிவாகியிருக்கிறது என்பதுதான் அவருக்கு நிம்மதி. வள்ளலாரின் சீடர் தொழுவூர் வேலாயுத முதலியார் 1882இல் பிரம்மஞான சபைக்குக் கொடுத்த வாக்குமூலம் அதைவிடப் பெரிய நிம்மதி. 1867இலிருந்து அணையாத அடுப்பு எரியும் தருமசாலையில் பந்திக்கு உட்கார்ந்தபடி பக்கத்தில் இருப்பவரிடம், "ஐயா, அந்த ஸ்டேட்மென்ட்டைப் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்பார்.

"சார், இலை போட்டாச்சு" என்பார் அவர்.

ஆவி சார் வெறும் பேச்சோடு நிற்பவர் என்று சொல்லிவிட முடியாது. ரைனைப் படித்த வேகத்தில் சோதனையும் நடத்தியிருக்கிறார். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி வட்டம், கூட்டல் குறி, அலை, சதுரம், நட்சத்திரம் என்று இருபத்தைந்து சீட்டு தயாரித்தார். சாயங்காலம் மைதானத்துக்கு வரும் பென்ஷன்தாரர்கள்தான் சோதனைக்கு உட்பட்டவர்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும். ஐந்துக்கு மேல் வந்தால் சக்தி. அதற்குக் கீழே வந்தாலும் சக்திதான். சக்தி எதிர்த்திசையில் வேலை செய்கிறது என்று அந்தத் துறையிலேயே ஒரு கொள்கை இருக்கிறது. நம்புகிறவர்கள் கொஞ்சம் அதிகம் எடுப்பார்கள், நம்பாதவர்கள் குறைவாக எடுப்பார்கள் என்று கெர்ட்ரூட் ஷ்மைட்லர் என்ற உளவியலாளர் 1940களில் பிரித்து, முதல் கூட்டத்துக்குச் செம்மறியாடு என்றும் இரண்டாவதற்கு வெள்ளாடு என்றும் பெயர் வைத்தார். சாரும் பெஞ்சை அப்படியே பிரித்தார். முன்னாள் தாசில்தார் ஒருவர் தன்னை எந்த ஆட்டிலும் சேர்க்க வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

வங்கியில் காசாளராக இருந்த ஒருவர் மட்டும் இருபத்தைந்துக்குப் பதினாறு சரியாகச் சொன்னார். சாருக்குக் கை நடுங்கியது. அன்றிரவு தூக்கமில்லை. மறுநாள் விசாரித்ததில், பத்திரிகை மூலைகளில் தடவியிருந்த மஞ்சளை வைத்து எந்தச் சீட்டு எது என்று அடையாளம் பிடித்துக்கொண்டதாகக் காசாளர் ஒப்புக்கொண்டார். முப்பது வருஷம் நோட்டு எண்ணிய கண் அது. சார் கலங்கவில்லை. "ரைனுக்கும் இதே பிரச்சினை. ஆரம்பத்துல அடிச்ச சீட்டுல பின்பக்கம் வழியா சின்னம் தெரிஞ்சுதுன்னு கம்ப்ளைண்ட் வந்துது" என்றார். ரைனுக்கு வந்த சங்கடம் தனக்கும் வந்ததில் முகத்தில் ஒரு பெருமிதம்.

முதுநகரில் ஒரு வீட்டுக்காரர் ஒருநாள் அவரைத் தேடி வந்தார்.

"சார், என் மாடி போர்ஷன்ல ராத்திரி யாரோ நடக்கிறாங்களாம். மூணு குடித்தனம் மாறிட்டாங்க. நீங்க ஒரு ராத்திரி வந்து படுத்துப் பார்த்து சொன்னா..."

சார் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார்.

"எனக்கு சுகர். இடம் மாறினா தூக்கம் வராது."

"தூங்க வேணாம் சார். முழிச்சுத்தான் இருக்கணும்."

"நான் படிக்கிறவன். பார்க்கிறவன் வேற" என்றார் சார். அவர் சொன்னதிலேயே இதுதான் அப்பழுக்கில்லாத உண்மை. ஆனால் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. லண்டன் சங்கத்தார் சாட்சிகளை எப்படிக் குடைந்து கேட்டார்களோ அப்படியே ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தார். என்ன தேதி, எத்தனை மணி, பார்த்தவர் யார், கூட யார் இருந்தார், அன்றே சொன்னாரா பிறகு சொன்னாரா, ராத்திரி என்ன சாப்பிட்டார். பழைய குடித்தனக்காரர்களையும் தேடிப்போய்க் கேட்டு நிரப்பச் சொன்னார்.

வீட்டுக்காரர் மளிகைக் கணக்கு எழுதிப் பழகியவர். ஒன்றுவிடாமல் நிரப்பிக்கொண்டு வந்தார். கொடுக்கும்போதே அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. பதினோரு நிகழ்வுகள். பதினொன்றும் ஐந்தாம் தேதிக்கு மேல். ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்துவரை மாடியில் பரிபூரண அமைதி. வாடகை தர வேண்டிய கெடு ஐந்தாம் தேதி. அட்வான்ஸ் கழிந்து தீரும் மாதத்தில் நடமாட்டம் அதிகம்.

சார் நோட்டை இரண்டு முறை படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். டீக்கடை பெஞ்சில் ஒருநாளும் வாயில் வராத அந்தச் சொல்லை அடியில் தன் கையாலேயே எழுதினார்: "வாடகையும் ஒரு காரணமாக இருக்கலாம். மேலும் ஆராய வேண்டும்."