கட்டில் மாமா

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால் மண்டபக்காரர், சமையல்காரர், போட்டோக்காரர் என்று வரிசையாகப் போன் போகும். அடுத்த போன் ஒரு மாமாவுக்கு. அவர் பெண்ணுக்குச் சொந்தத் தாய்மாமனாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றுவிட்ட மாமாவாக இருக்கலாம், பக்கத்துக் கொல்லைக்காரராக இருக்கலாம், ரிட்டையரான கண்டக்டராகக்கூட இருக்கலாம். “மாமா, சீர் சாமான் எடுக்கணும், நீங்க கூட வந்தாத்தான் சரிப்படும்” என்றால் போதும். மறுநாள் காலை ஆறரைக்கே சலவை வேட்டியும் சட்டைப்பையில் இஞ்ச் டேப்புமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கடை திறப்பது பத்து மணிக்கு.

இவர்தான் கட்டில் மாமா. ஊருக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. ஒரே ஊரில் இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது.

இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், அவருடைய தாத்தா மணப்பாறைச் சந்தையில் ஊராருக்கு மாடு பிடித்துக் கொடுத்தவராக இருப்பார். சுழி பார்ப்பது, பல்லைப் பிடித்து வயது சொல்வது, துண்டுக்குள் கையை விட்டு விரலால் விலை பேசுவது எல்லாம் குடும்பச் சொத்து. டிராக்டர் வந்தது, உழவு மாடு போயிற்று. வித்தை என்ன செய்யும்? மாட்டை விட்டு இறங்கிக் கட்டிலில் ஏறிக்கொண்டது. அதற்கும் நாலு கால்தானே.

கடைக்குள் மாமா நுழைவதைப் பார்க்க வேண்டும். பின்னால் பெண்ணின் அப்பா, அம்மா, பெரியப்பா, சித்தி, இரண்டு அத்தைகள், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாத ஒரு சிறுவன். எல்லோருக்கும் கடைசியில் செல்போனைப் பார்த்தபடி பெண். படுக்கப் போகிறவள் அவள் என்பதாலோ என்னவோ, அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒருமுறை வாய் திறந்து, “மாமா, இந்தச் சின்னக் கட்டிலே போதுமே” என்றாள். “நீ சும்மா இரு பாப்பா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது” என்று முடித்துவிட்டார்.

விரல் முட்டியை மடக்கிக் கட்டிலை மூன்று தட்டுத் தட்டுவார். காதைச் சாய்ப்பார். கண்ணை மூடுவார். கடையே மூச்சை அடக்கும். “வெள்ளை விழுந்திருக்கே தம்பி.” மரத்தின் நடுவில் இருப்பது வைரம், ஓரத்தில் வெளுத்திருப்பது வெள்ளை, வண்டு முதலில் துளை போடுவது அந்த வெள்ளையில்தான். இது சரியான சாத்திரம். ஆனால் பாலிஷ் போட்ட கட்டிலைத் தட்டி அதைக் கண்டுபிடிக்க முடியாது என்பது கடைக்காரருக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். இருவரும் காட்டிக்கொள்வதில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒன்றைத் தட்டிவிட்டு, “நிலம்பூர்த் தேக்கு, சத்தமே சொல்லுதே” என்று அவர் சொன்னபோது, விற்பனைப் பையன் தலையைக் குனிந்துகொண்டு ரசீதுப் புத்தகத்தைத் தேடினான்.

“பத்து வருஷம் வாரண்டி தர்றோங்க” என்றான் அதே பையன்.

மாமா சிரித்தார். “பத்து வருஷமா? எங்க சாத்தனூர்ல வந்து பாரு. பன்னெண்டு கோடி வருஷமா ஒரு மரம் கெடக்குது. கரையான் தொட்டதில்ல.” தொடாதுதான்; அது கல். கடல் இந்தப் பக்கம் வரை வந்திருந்த காலத்தில் அடித்து வரப்பட்டுப் புதைந்து கல்லாய்ப் போன 18 மீட்டர் மரம் அது. 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னார். மாமாவின் கணக்கு வேறு: 78 அங்குலக் கட்டிலாகப் போட்டால் நீளவாக்கில் ஒன்பது வரும், பத்தாவதுக்குக் கட்டை பத்தாது.

கட்டிலுக்கு அடுத்து தலைமாட்டுப் பலகை. அரும்பாவூர் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே கட்டையில் சாமி சிலை செதுக்கும் ஊர். 2020இல் அந்த வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. “அரும்பாவூர்ல சொல்லி கஜலட்சுமி செதுக்கிடலாம்” என்றார் மாமா. “படுக்குற ரூம்ல சாமியா?” என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அரை மணி நேர வாதத்துக்குப் பிறகு கஜலட்சுமி மயிலாக மாறினாள். அந்த மயிலின் அலகு, சாய்ந்து உட்காருபவரின் பின்மண்டைக்கு நேராக வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நிறம் பார்ப்பதில் மட்டும் மாமாவின் அறிவை நான் மெச்சுவேன். பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மண். பருத்தி எடுத்துவிட்டு வந்த காலோடு யாராவது ஏறினால் வெள்ளை விரிப்பு ஒரு நாளில் மேப் ஆகிவிடும். ஆகவே விரிப்பு கரூரில் நெய்த அடர்நிறப் போர்வைதான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையென்றால் கறுப்புப் பளபளப்பு ஆகாது, சந்தன நிறம்தான். பெண் பெரம்பலூர், மாப்பிள்ளை அரியலூர் என்றால்? “ரெண்டு புழுதிக்கும் சேர்த்து மரக்கலரு. 2001ல பிரிச்சான், 2002ல சேர்த்தான், 2007ல மறுபடி பிரிச்சான். மாவட்டத்த நம்பி நிறம் எடுக்க முடியுமா?”

மெத்தைக் கதை தனி. கடைப் பையன் “படுத்துப் பாருங்க” என்பான். பெரியப்பாவுக்கு முன்னால் பெண் படுப்பாளா? மாமனார் ஆகப்போகிறவர் படுப்பாரா? ஆகவே இருபது வருஷம் முதுகு தாங்க வேண்டிய மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தே வாங்குகிறோம். மாமா முழங்கையாலும் அழுத்துவார், அது நிபுணத்துவம். “ஃபோம் சூடு, இலவம்பஞ்சுதான் ஒடம்புக்கு ஆகும்” என்று ஆரம்பித்து, விலையைக் கேட்டதும் ஃபோமுக்கே வருவார். அந்த யார் வீட்டுப் பிள்ளையோதான் ஏறி நாலு குதி குதித்தது. சரியாகச் சோதித்தது அது ஒன்றுதான். வாங்கிய பிறகும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாது என்பது மாமாவின் கட்டளை, அழுக்காகுமாம். புதுமணத் தம்பதி ஒரு பக்கம் புரண்டு படுத்தால் கூடத்தில் பாயில் கிடக்கும் பாட்டி வரைக்கும் தெரியும்.

பீரோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பட்டறையில் வெல்டிங் வைத்தது எல்லாமே ‘கோத்ரெஜ்’தான். தகடு 20 கேஜா 22 கேஜா என்று மாமா கேட்பார். எண் குறைந்தால் கனம் கூடும் என்பது தெரியாத பெரியப்பா, “22ஏ போடச் சொல்லு, காசு போனாப் போவுது” என்பார்.

இவ்வளவும் போய் இறங்கப்போகும் அறையின் அளவு பத்துக்குப் பத்து. மயில் சுவருக்கு நடுவில் வர வேண்டும் என்பதால் 72 அங்குல அகலக் கட்டில் நடுவே நிற்கும். இருபுறமும் இரண்டு அடி. அதில் பீரோவை வைத்தால் கதவைத் திறக்க நாலு அங்குலம் மிஞ்சும். “சின்னதா எடுக்கலாமே” என்று யாரும் கேட்க முடியாது. தெரு பார்க்குமே! இந்த இரு மாவட்டங்களிலும் ஆக விலை கூடிய வாக்கியம், “நாங்க எதுவும் கேக்கலீங்க, ஒங்க பொண்ணுக்கு நீங்க செய்யுறது” என்பதுதான். 1961இல் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் வந்தது. கல்யாண அன்பளிப்புகளைப் பட்டியல் எழுதி மணமக்கள் கையெழுத்திட வேண்டும் என்று 1985இல் விதியும் வந்தது. சட்டம் தெரியாமலே மாமா பட்டியல் எழுதுகிறார், நாலு ஓரத்திலும் மஞ்சள் தடவி. சட்டத்துக்காக அல்ல, சபையில் உரக்கப் படிப்பதற்காக.

சீர் குட்டியானையில் போயிற்று. மயில் ரோட்டைப் பார்த்திருக்கும்படி மாமா நின்று கயிறு கட்டினார். அரியலூர் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். சலவை வேட்டி, சட்டைப்பையில் இஞ்ச் டேப். யாரிடமும் எதுவும் பேசாமல் நேரே கட்டிலிடம் போய் மூன்று தட்டுத் தட்டினார். காதைச் சாய்த்தார்.

“எங்க எடுத்தீங்க?”

நம் மாமா கடை பெயரைச் சொன்னார்.

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே” என்றார் அவர்.

இருவரும் வெற்றிலை போட்டுச் சமாதானமாகி, கட்டிலை எந்தத் திசையில் போடுவது என்று ஒரு மணி நேரம் ஆராய்ந்தார்கள். வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்கக் கூடாது என்பதில் இரு மாவட்டத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தெற்கே மயில் என்று தீர்ப்பாயிற்று.

அந்த அறையில் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று, வடக்குச் சுவரில். சார்ஜர் வயர் மூன்றடி. பாப்பா அன்று ராத்திரியே தலையணையைத் தூக்கி மறுபக்கம் போட்டுவிட்டாள். மயில் இப்போது அவர்கள் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாமாக்களிடம் இதை யாரும் சொல்ல வேண்டாம்.